நாங்கள் ஓட்டிய பந்தய வண்டி

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் மொழி. தமிழ்ப் பாடத்தில் இதனை எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஆனால் அதன் பொருளை எங்களுக்குப் புரிய வைக்கத் துருப்பிடித்த ஓர் இரும்பு வண்டி வர வேண்டியிருந்தது. பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவைச் சேர்ந்த நாங்கள் மூவரும் அந்த வண்டியுடன் கழித்த நான்கு மாதங்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

எங்கள் தேவாலா, கூடலூரிலிருந்து பந்தலூர் செல்லும் பாதையில் உள்ள சிற்றூர். தமிழ்நாட்டிலேயே மழை மிக அதிகமாகப் பெய்யும் இடங்களுள் இதுவும் ஒன்று. ஜூன் மாதம் குடையை விரித்தால் செப்டம்பரில்தான் மடக்குவோம். இவ்வூருக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1880ஆம் ஆண்டையொட்டி இம்மலைகளில் தங்கம் கொட்டிக் கிடப்பதாக லண்டன் வரை பேச்சுப் பரவியது. கம்பெனிகள் பல தோன்றின, கப்பலில் இயந்திரங்கள் வந்தன, மலையைக் குடைந்தார்கள். பாறையில் இருந்த பொன்னோ கூலிக்கும் கட்டவில்லை. சில ஆண்டுகளுக்குள் எல்லாம் பொய்த்துப் போயிற்று. அன்று தோண்டிய குழிகள் சில இன்றும் காட்டுக்குள் வாய் திறந்து கிடக்கின்றன. உரைத்துப் பார்க்காமல் பொன் என்று நம்பியவர்களின் ஊர் இது. இதை ஏன் சொல்கிறோம் என்பது பின்னர் விளங்கும்.

சென்ற அக்டோபர் மாதம், எங்கள் பள்ளிக்கு அருகே ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தார்கள். பின்புறக் கொட்டகையில், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில், நான்கு சிறு சக்கரங்களுடன் ஒரு வண்டி கிடந்தது. கூரை இல்லை, கதவு இல்லை, முன் கண்ணாடி இல்லை. தரையோடு தரையாக ஓர் இருக்கை; அதன் வலப்பக்கத்தில் ஓர் எஞ்சின்; கையில் பிடிக்க ஒரு சிறு வளையம். பழைய இரும்பு வாங்குபவர் கிலோவுக்கு முப்பது ரூபாய் என்று தராசை எடுத்துவிட்டார். அவ்வீட்டு அம்மையார் மட்டும், "பிள்ளைகள் பொருட்காட்சிக்கு உதவுமானால் கொண்டுபோகட்டும்" என்று எங்கள் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தோம். அதில் பாதித் தூரம் தூக்கிக்கொண்டு வந்தோம் என்பதே உண்மை.

ஊரார் அதைத் 'துரை வண்டி' என்றார்கள். லண்டனிலிருந்து மரப்பெட்டியில் அடைத்துக் கோழிக்கோடு துறைமுகத்தில் இறக்கியது என்றார் ஒருவர். சோழவரம் பந்தயத்தில் கோப்பை வாங்கியது என்றார் மற்றொருவர். எங்களுக்கு இது போதாதா? அன்று மாலையே வெள்ளை அட்டையில் வண்ண மையால், 'இங்கிலாந்துப் பந்தயக் கார், 1960' என்று எழுதி மாட்டிவிட்டோம்.

மறுநாள் இயற்பியல் சிஸ்டர் வந்து அட்டையைப் படித்தார். "இது இங்கிலாந்து வண்டி என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"எல்லாரும் சொல்கிறார்கள், சிஸ்டர்."

"எல்லாரும் யாரைக் கேட்டுச் சொல்கிறார்கள்?"

எங்களிடம் பதில் இல்லை. சிஸ்டர் அட்டையைக் கழற்றி எங்கள் கையில் கொடுத்தார். "பொருட்காட்சி பிப்ரவரியில்தானே? அதற்குள் இது என்ன என்று கண்டுபிடியுங்கள். ஓடுமா என்றும் பாருங்கள். பிறகு அட்டையை மாட்டலாம்" என்றார்.

முதலில், இது கார் அன்று, 'கோ-கார்ட்' என்று அறிந்தோம். 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பந்தயக் கார் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் இயந்திரத்தின் சிறு எஞ்சினை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி ஓட்டினார். அதுவே முதல் கார்ட். ஓரிரு ஆண்டுகளில் அமெரிக்கா எங்கும், பிறகு இங்கிலாந்திலும் அந்த மோகம் பரவியது. விளையாட்டுப் பொருள்தானே என்று எண்ண வேண்டாம். பிரேசில் நாட்டின் புகழ்பெற்ற பந்தய வீரர் அயர்ட்டன் சென்னா, நான்கு வயதில் தம் தந்தையார் செய்து கொடுத்த கார்ட்டில்தான் முதன்முதலில் அமர்ந்தார். அதிலும் புல்வெட்டும் எஞ்சின்தான்! நம் சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா, பிறகு மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஆண்களோடு போட்டியிட்டவர், சிறுமியாகத் தொடங்கியது கோ-கார்ட்டில்தான். கோயம்புத்தூரிலிருந்து 2005ஆம் ஆண்டு ஃபார்முலா 1 பந்தயத்துக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் பெயரைக் கேளாதவர் உண்டோ? அவரைப் போன்றோர் வளர்ந்த மண்ணுக்கு முன்னோடி, சென்னைக்கு அருகேயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் அங்கே பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்த பிறகு சோழவரத்தின் பெருமை பழங்கதையாகிவிட்டது.

கார்ட்டின் உடலமைப்பு விந்தையானது. அதற்கு வில் கிடையாது; ஸ்பிரிங் கிடையாது. காரில் திரும்பும்போது, வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்காகவே பின்னச்சில் 'டிஃபரன்ஷியல்' என்ற பல்சக்கரப் பெட்டி உண்டு. கார்ட்டில் அது இல்லை. பின்னச்சு ஒரே கம்பி. இரு சக்கரமும் ஒன்றாகவே சுழலும். அப்படியானால் எப்படித் திரும்புகிறது? திரும்பும்போது சட்டம் சற்றே முறுகி, உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்புகிறது. மூன்று காலில் திரும்பி, மீண்டும் நான்கு காலில் நிற்கிறது. எங்கள் வண்டியின் பின்னச்சும் ஒரே கம்பிதான். ஆகவே கோ-கார்ட் என்பதில் ஐயமில்லை.

அடுத்தது எஞ்சின். எஞ்சினின் மூடியில் படிந்திருந்த பாசியைத் துடைத்தபோது 'வில்லியர்ஸ்' என்ற எழுத்துகள் தெரிந்தன. துள்ளிக் குதித்தோம். வில்லியர்ஸ் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் நகரத்துக் கம்பெனி. 1960களில் அந்நாட்டில் கியர் வைத்த கார்ட்டுகளின் பந்தயத்தில் வில்லியர்ஸின் 197 சி.சி. '9ஈ' எஞ்சின் பெயர் பெற்றது. துரை, லண்டன், மரப்பெட்டி எல்லாம் பொருந்திவிட்டனவே!

இதற்குள் செய்தி மலையிறங்கிப் போயிருந்தது. பழைய வண்டிகளைச் சேகரிக்கும் ஒருவர் தொலைபேசியில் பேசினார். 197 சி.சி. பந்தய எஞ்சின் உள்ள அசல் ஆங்கில வண்டியானால் அறுபதாயிரம் ரூபாய் தருவதாகவும், அளவுகளை எழுதி அனுப்பும்படியும் கூறினார். மதர் கணக்குப் போட்டுப் பார்த்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தின் கூரை ஒழுகும். மழைக்காலத்தில் ஏழு வாளிகள் வைப்போம். அறுபதாயிரம் இருந்தால் அந்தப் பக்கத்துத் தகடுகளை மாற்றிவிடலாம். அந்த வாரம் முழுவதும் நாங்கள் வண்டியைப் பார்த்ததைவிடக் கூரையைப் பார்த்ததே அதிகம்.

எஞ்சினோ அசையவில்லை. பிஸ்டன் உருளைக்குள் துருவால் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றினோம். அவசரப்பட்டு அடித்தால் உடைந்துவிடும் என்று சிஸ்டர் எச்சரித்திருந்தார். நான்கு நாள் காத்திருந்தோம். ஐந்தாம் நாள் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்திக் கியரில் போட்டு, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினோம். 'கிரீச்' என்றது, ஒரு நூல் அளவு நகர்ந்தது. அன்று மாலை முழுச் சுற்றும் வந்துவிட்டது.

பிறகு எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி, இயற்பியல் ஆய்வுக்கூடத்து வெர்னியர் அளவுகோலால் அளந்தோம். உருளையின் உள்விட்டம் 59 மில்லிமீட்டர். தேய்மானத்தால் ஒரு முடியளவு கூடுதல். சிஸ்டர் தேடித் தந்த பழைய எஞ்சின் பட்டியலில் 9ஈ எஞ்சினின் உள்விட்டமும் 59தான். கைதட்டினோம். "இன்னும் ஓர் அளவு இருக்கிறதே" என்றார் சிஸ்டர். பிஸ்டன் மிகக் கீழே இருக்கும் இடத்துக்கும் மிக மேலே இருக்கும் இடத்துக்கும் உள்ள தூரம், அதாவது வீச்சு. 9ஈ எஞ்சினுக்கு அது 72 மில்லிமீட்டர். நாங்கள் அளந்தபோது 63.5 வந்தது. மறுபடி அளந்தோம். ஆள் மாற்றி அளந்தோம். மூன்று முறையும் 63.5தான்.

கணக்குப் பாடத்தில் படித்த உருளையின் கனஅளவு இங்கே கைகொடுத்தது. ஆரம் 2.95 சென்டிமீட்டர். அதை வர்க்கப்படுத்தி 22/7 ஆல் பெருக்கி, வீச்சு 7.2 சென்டிமீட்டரால் பெருக்கினால் சுமார் 197 கன சென்டிமீட்டர். 6.35 ஆல் பெருக்கினால் சுமார் 173½. ஒரே உள்விட்டம், வீச்சு மட்டும் வேறு. கூடலூரில் ஐம்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எஞ்சினைக் காட்டினோம். அவர் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. "இது ஷெர்ப்பா எஞ்சின் அம்மா. நம்ம மெட்ராஸ் சரக்கு" என்றார்.

அவர் சொன்னதன் பின்னணி இது. சென்னையில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, புல்லட் மோட்டார் சைக்கிளுடன், வில்லியர்ஸ் வடிவமைப்பைக் கொண்ட 173 சி.சி. எஞ்சின் பொருத்திய ஷெர்ப்பா என்ற சிறிய மோட்டார் சைக்கிளையும் 1960களில் செய்தது. தொழிற்சாலை திருவொற்றியூரில். ஆக, கப்பலில் வந்தது என்று ஊரே நம்பிய எஞ்சின், சென்னையிலிருந்து மலையேறி வந்தது!

அன்று ஆய்வுக்கூடத்தில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்களில் ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "அவர் அளவுகளைத்தானே கேட்டார்? உள்விட்டம் 59 என்று மட்டும் எழுதி அனுப்பினால் என்ன? அது பொய்யில்லையே!" சொன்னவள் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஏனெனில் மூவருமே அதை நினைத்திருந்தோம்; ஒருத்திக்கு வாய் முந்திக்கொண்டது, அவ்வளவே. இரண்டு நாள் அந்தக் கடிதம் எழுதப்படாமலே கிடந்தது. மூன்றாம் நாள் மதரிடம் போய், நினைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம். மதர் கோபிக்கவில்லை. "மழைக்கு வாளி வைக்கலாம். இதற்கு எதை வைப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டார். இரு அளவுகளையும் எழுதி அனுப்பினோம். அவர் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார்; வரவில்லை.

எஞ்சின் சென்னையுடையது, சரி, சட்டம் யாருடையது? அதில் இரண்டு செய்திகள் எங்களை உறுத்தின. பின்னச்சைத் தாங்கும் பேரிங் கட்டைகள் இரண்டும் வண்டிக்கு மிகவும் பெரியவை. மேலும், இருக்கைக்குப் பின்னால் உள்ள குறுக்குக் குழாய் ஒன்றை யாரோ அறுத்து, சிறிது இடம் மாற்றிப் பித்தளையால் பற்றவைத்திருந்தார்கள். விபத்தில் முறிந்ததைச் சரிசெய்திருப்பார்கள் என்று எண்ணினோம். எங்களில் ஒருத்தியின் தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், கொழுந்து வாட்டும் இடத்தில் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். காற்றாடியின் தண்டைத் தாங்கிக்கொண்டு அதே பேரிங் கட்டை! ஓடி வந்து சொன்னாள். இது தொழிற்சாலைப் பட்டறையில் பிறந்த வண்டி என்பது அப்போதுதான் தெரிந்தது. "அந்தக் காலத்து ஃபிட்டர் யாரேனும் இருக்கிறார்களா அப்பா?" என்று கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். "உன் தோழியின் தாத்தாவே இருக்கிறாரே" என்றார்.

எங்கள் மூவரில் மற்றொருத்தியின் தாத்தா அவர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. எங்கள் பள்ளியில் படிக்கும் பலருடைய வீட்டுக் கதையும் இதுதான். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, அங்கிருந்து இம்மலைக்கு 1971இல் வந்தபோது தாத்தாவுக்கு 22 வயது. இங்கே தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். ஒரே வீட்டில் இருந்தும், பேத்திக்கு இந்த வண்டியைப் பற்றி ஒரு சொல் தெரியாது.

வண்டியைப் பார்க்க அழைத்து வந்தோம். தாத்தா வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து, அந்தக் குறுக்குக் குழாயின் அடியில் கைவிட்டுத் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"துரை ஒரு புஸ்தகத்துல படம் காட்டினாரு. புள்ளைங்களுக்கு இத மாதிரி செஞ்சு தருவியான்னு கேட்டாரு. எஸ்டேட் தபால் பைக் ஒண்ணு உடைஞ்சு கெடந்துச்சு. அதோட இஞ்சின எடுத்துக்கிட்டோம். சக்கரம் ஸ்கூட்டரோடது. மொத தடவை ஓட்டினா வண்டி திரும்பவே மாட்டேங்குது. வளையத்த ஒடிச்சா நேராவே போயி தேயிலைக்குள்ள நிக்குது! மூணு நாள் யோசிச்சேன். சட்டம் ரொம்ப விறைப்பா இருக்குன்னு பட்டுச்சு. இந்தக் குழாய அறுத்துத் தள்ளி வச்சேன். அப்புறம் சொன்ன பேச்சக் கேட்டுச்சு."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முறிந்ததை ஒட்டிய தழும்பு என்று நாங்கள் எண்ணியது, தாத்தா கண்டுபிடித்த விடை! கார்ட்டின் சட்டம் முறுக வேண்டும் என்பதை நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டோம். தாத்தாவுக்கு அதை வண்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

"எந்த வருடம் தாத்தா?"

"மூத்தவன் பொறந்த வருஷம். எழுபத்தி நாலு."

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"யாரும் கேக்கலியே, புள்ள."

இதைக் கேட்டு எங்களுக்குத் தொண்டை அடைத்தது. துரையைப் பற்றியும் லண்டனைப் பற்றியும் ஊரெல்லாம் விசாரித்த நாங்கள், வீட்டுத் திண்ணையில் இருந்தவரைக் கேட்கவில்லை.

அதன்பின் தாத்தாவே எங்கள் ஆசிரியர். இரண்டு வீச்சு எஞ்சினுக்கு மூன்று வேண்டும் என்பார்: நல்ல கலவை, நல்ல பொறி, நல்ல மூச்சு. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பெட்ரோல் தொட்டியில் சிறு கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தோம். கார்புரேட்டரைப் பிரித்துத் துளைகளைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தோம். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடுமாம். பழைய ரப்பர்க் குழாயை மாற்றினோம். இந்த வகை எஞ்சினுக்குத் தனியே எண்ணெய் ஊட்டும் அமைப்பு இல்லை. ஆகையால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 50 மில்லி எண்ணெய் கலந்தோம்.

பொறி வரவில்லை. மேக்னெட்டோ மூடியைத் திறந்தால், ஒன்றையொன்று தொட்டுப் பிரியும் இரு முனைகளும் வெளுத்துப் பூத்திருந்தன. ஐம்பது ஆண்டு மழைக்காற்று சும்மா இருக்குமா? மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.38 மில்லிமீட்டருக்கு வைத்தோம். பிளக்கை எஞ்சின் உடலோடு சேர்த்துப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினோம். நீலப் பொறி 'பட்'டென்று பாய்ந்தது. பிளக்கைப் பிடித்திருந்தவளும் 'வீல்' என்று பாய்ந்தாள்.

கலவை சரி, பொறி சரி. இருந்தும் எஞ்சின் கிளம்பவில்லை. இதற்கு உதைக்கும் கட்டை இல்லை. தள்ளித்தான் கிளப்ப வேண்டும். பொங்கல் விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை, காலை முதல் நண்பகல் வரை மைதானத்தில் மாறி மாறித் தள்ளினோம். இரண்டு முறை இருமியதோடு சரி. கால்கள் துவண்டன. தாத்தா மரத்தடியில் அமர்ந்து, "மூணு சொன்னேனே" என்றார். மூன்றாவது, மூச்சு! ஒருத்தி புகைக்குழாயின் முனையில் உள்ளங்கையை வைத்தாள், மற்றவர்கள் தள்ளினார்கள். கையில் காற்றே படவில்லை. குழாயைக் கழற்றிக் கம்பி விட்டால், உள்ளே குளவி கட்டிய மண்கூடு! கல்லாய் இறுகி, குழாயை முக்கால் பங்கு அடைத்திருந்தது. உள்ளே போனது வெளியே போக வழி இல்லையென்றால் எஞ்சின் எப்படி மூச்சு விடும்? தட்டி உதிர்த்தோம்.

அடுத்த முறை பத்து அடிகூடத் தள்ளவில்லை. வெண்புகை கிளம்பியது, 'பட பட பட' என்று மலையெல்லாம் எதிரொலித்தது. விடுதி மாணவிகள் எல்லாரும் வராந்தாவுக்கு ஓடி வந்துவிட்டார்கள். தாத்தா மட்டும் அசையாமல் காதைச் சாய்த்துக் கேட்டார். "பெட்ரோல் கூடுதலாப் போகுது. ஊசியக் கொஞ்சம் எறக்கு" என்றார்.

ஓட்டுவதற்கு முன் மதர் விதித்த கட்டளைகள் பல. பிரேக்கைப் பத்து முறை சோதித்தோம். சங்கிலியை மூடத் தகடு வளைத்துப் பொருத்தினோம். துப்பட்டா கூடாது; பின்னலைச் சுருட்டித் தலைக்கவசத்துக்குள் அடக்க வேண்டும். சுழலும் அச்சுக்குக் கூந்தல் என்றும் துணியென்றும் தெரியாது. இந்த விளையாட்டில் உயிரே போன செய்திகள் உண்டு. ஆதலால் இதில் நாங்கள் ஒரு சிறிதும் விளையாடவில்லை.

மைதானத்தின் ஒரு சுற்று 160 மீட்டர். ஒருத்தி ஓட்ட, ஒருத்தி நேரம் குறிக்க, ஒருத்தி கொடி பிடித்தாள். 32 விநாடி. அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர்! சோழவரத்தில் ஓட்டியவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் அமர்ந்து, காதருகே எஞ்சின் கத்த, செம்மண் கண்ணில் படப் போகும் 18 கிலோமீட்டர், பேருந்தில் போகும் 60ஐவிட வேகம் என்று உறுதியாகச் சொல்வோம்.

வண்டி நின்றபின் ஒரு காரியம் செய்தோம். மைதானத்தில் பதிந்த தடங்களைப் பார்த்தோம். நேரான பாதையில் நான்கு சக்கரத் தடமும் தெளிவாக இருந்தது. வளைவில் மட்டும், உட்பக்கப் பின்சக்கரத்தின் தடம் மங்கி, ஓரிடத்தில் இல்லாமலே போயிருந்தது. தாத்தா 1974இல் அறுத்து வைத்த குழாய் இன்றும் தன் வேலையைச் செய்கிறது.

"நீங்கள் அப்போது ஓட்டினீர்களா தாத்தா?" என்று கேட்டோம். "அது பங்களாப் புள்ளைங்க வண்டி. சரி பார்க்க ரெண்டு முழம் நகர்த்துவேன், உக்காந்து சுத்தினதில்ல" என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. தலைக்கவசத்தை எடுத்து நீட்டினோம். வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். 76 வயதில் முழங்காலை மடக்கி அமர்வதற்கே ஐந்து நிமிடம் ஆயிற்று. சிஸ்டரும் நாங்களும் தள்ளினோம். தாத்தா ஒரே ஒரு சுற்று வந்தார். நாங்கள் ஓட்டியதைவிட மெதுவாக. நேரம் குறிக்க வேண்டியவள் குறிக்க மறந்துவிட்டாள்.

பொருட்காட்சியில் மாட்டிய அட்டை இதுதான்: 'கோ-கார்ட். எஞ்சின்: ஷெர்ப்பா, 173 சி.சி., திருவொற்றியூர். சட்டம்: தேவாலா, 1974.' அதன் கீழே, செய்தவர் என்று தாத்தாவின் முழுப் பெயரையும், 'ஃபிட்டர்' என்ற அவர் தொழிலையும் எழுதினோம். பார்க்க வந்தவர்களில் சிலர், லண்டன் வண்டி என்றல்லவா கேள்விப்பட்டோம் என்று ஏமாந்து போனார்கள். வேறு சிலர் அட்டையைப் படித்துவிட்டு, தங்கள் அப்பாவும் தாத்தாவும் பட்டறையில் செய்தவற்றைப் பற்றி எங்களிடம் சொல்லத் தொடங்கினார்கள். அவற்றைக் கேட்டு எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம். இதுவரை பதினான்கு பக்கம் நிறைந்திருக்கிறது.

ஆய்வுக்கூடத்தின் கூரை இன்னும் ஒழுகத்தான் செய்கிறது. வாளிகள் ஏழு, எட்டாகியிருக்கின்றன.

அடுத்த ஆண்டு இந்த வண்டியைப் பொறுப்பேற்கப் போகும் அன்புத் தங்கைகளே! மே மாத இறுதியில் தொட்டியில் உள்ள பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுத்து உள்ளே துருவை வளர்க்கும். பிளக் துளையில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சுற்றி வையுங்கள். புகைக்குழாயின் வாயில் துணி அடைக்க மறவாதீர்கள். தேவாலாவின் குளவிகளுக்கு அது மிகவும் பிடித்த வீடு. கிளம்பவில்லையென்றால் கலவை, பொறி, மூச்சு என்று வரிசையாகப் பாருங்கள். அப்படியும் கிளம்பவில்லையென்றால் தாத்தாவைப் போய்க் கேளுங்கள். அவர் மாலை நான்கு மணிக்குத் திண்ணையில்தான் இருப்பார். கேட்டால் சொல்வார்.